திருவுளச்சீட்டும் விளையாட்டுச்சீட்டும்

நமது கல்லூரியிலிருந்து வார இறுதிகளில் சபைப்பணிக்குச் சென்று திரும்பும் மாணவர்கள் அண்மைக் காலமாக ஒரே வினாவைப் பல உருவில் கொண்டுவருகின்றனர். வாலிபர் ஐக்கியம் முடிந்த பின்னரும் வீடு செல்லாது, ஆலய மண்டபத்துப் படிக்கட்டில் அமர்ந்து கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருக்கும் இளைஞரிடம் போதகர் என்ன சொல்ல வேண்டும்? படம் பொறித்த அட்டைகளைத் தரையில் பரப்பி, ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொண்டு, மணிக்கணக்கில் மகிழ்ந்திருக்கும் பன்னிரண்டு வயதுச் சிறுவரைக் கண்டும் காணாதிருப்பதா, கண்டிப்பதா? இதற்கு விடை கூற முற்படுவோர் பெரும்பாலும் ஒரு வசனத்தை நாடுவர். அல்லது தம் இளமையில் தம் தகப்பனார் சொன்னதை நாடுவர். இரண்டும் வேண்டியவையே. எனினும், இதே வினாவைத் திருச்சபை அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவந்துள்ளது என்பதையும், அதற்கு ஒரே விடையை அது ஒருபோதும் கூறியதில்லை என்பதையும் நம்மில் பலர் அறியார். அவ்வரலாற்றின் சில பகுதிகளை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

துறவியும் சீட்டுக்கட்டும்

ஐரோப்பாவில் சீட்டு விளையாட்டு தோன்றிய ஆண்டை ஏறக்குறையத் திட்டமாகவே கூறலாம். 1377ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பிளாரன்சு நகர மன்றம் புதிதாக வந்துள்ள சீட்டாட்டத்தைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தது. அதே ஆண்டில், ரைன் நதிக்கரைப் பகுதியில் வாழ்ந்த ரைன்ஃபெல்டன் ஊர் யோகன்னஸ் என்னும் டொமினிக்கன் துறவி அதே சீட்டுக்கட்டைக் குறித்து இலத்தீன் மொழியில் ஒரு நூல் எழுதினார். ஒரே ஆண்டில் ஓரிடத்தில் தடையும், மற்றோரிடத்தில் தியானமும்! சீட்டு எங்கே, யாரால், எப்பொழுது உண்டாக்கப்பட்டதெனத் தாம் அறியார் என்று அத்துறவி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறார். பின்னர், நான்கு அரசர், ஒவ்வோர் அரசருக்குக் கீழும் இரண்டு அதிகாரிகள், அவர்களுக்குக் கீழ்ப் பத்து எண்சீட்டுகள் என்று 52 சீட்டுகளையும் விவரித்து, இதிலே உலகத்தின் நிலைமை முழுவதும் சித்திரிக்கப்பட்டுள்ளது எனக் கண்டு, அரசர் எவ்வாறு ஒழுக வேண்டும், குடிகள் எவ்வாறு ஒழுக வேண்டும் எனப் போதிக்கத் தொடங்குகிறார். சிறுபிள்ளைகளின் கையில் உள்ள பொருளை எடுத்து அதையே பிரசங்கத்திற்கு ஏதுவாக்கும் போதகரின் இயல்பு இன்று நேற்றுத் தோன்றியதன்று.

இவ்வகையில் அவருக்குப் பின்வந்தவர் தாமஸ் முர்னர் என்னும் பிரான்சிஸ்கன் துறவி. தருக்க நூலின் விதிகளை மனப்பாடம் செய்ய இயலாது வாடிய மாணவர்க்கென, அவ்விதிகளையே படங்களாக வரைந்து ஒரு சீட்டுக்கட்டாக அமைத்து, 1507இல் கிராக்கவ் நகரில் அச்சிட்டார். மாணவர் மிக விரைவாகக் கற்றுக்கொண்டமையால், இவர் மந்திர வித்தை செய்கிறார் என்று ஆசிரியர்களே ஐயுற்றனர் என்பது மரபுவழிச் செய்தி. இவரே பின்னாளில் லூத்தரை எதிர்த்துக் கடுமையான அங்கத நூல் எழுதியவர் என்பதால் நம் சபையினர் இவரை விரும்புவதில்லை. ஆயினும் தருக்கப் பாடத்தில் தடுமாறும் நம் முதலாண்டு மாணவரைக் காணும்போது இவர் நினைவு நமக்கு வராமற்போவதில்லை.

மறுபுறத்தில் நெருப்பு எரிந்தது. சியன்னா நகர்ப் பெர்னார்தீனோ 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தாலிய நகரங்களெங்கும் சூதுக்கு எதிராகப் பிரசங்கித்தபோது, மக்கள் சீட்டுகளையும் பகடைகளையும் கொணர்ந்து தீயிலிட்டனர். பிழைப்பிழந்த சீட்டு ஓவியன் ஒருவன் அவரிடம் வந்து முறையிட, இயேசுவின் திருநாமத்தின் எழுத்துகளை வரைந்து விற்குமாறு அவர் அறிவுரை கூறினார் என்று ஒரு கதை வழங்குகிறது. அது நடந்ததோ இல்லையோ, கதையைக் கூறிவந்தோர் அத்தொழிலாளியை மறவாதிருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. பெர்னார்தீனோவின் மாணாக்கரான கப்பிஸ்த்ரானோ யோவான் 1452இல் நூரெம்பர்க்கு நகரில் மூட்டிய தீ இன்னும் பெரிது.

இவ்விரு போக்குகளுக்கும் அடியில் பழைய இறையியல் வழக்கு ஒன்று கிடக்கிறது. எபேசியர் 5:4இல் அப்போஸ்தலன் விலக்கும் செயல்களுள், நம் வேதாகமத்தில் பரியாசம் என மொழிபெயர்க்கப்பட்டுள்ள கிரேக்கச் சொல் 'யூத்ரபெலியா' என்பதாகும். இதே சொல்லை அரிஸ்டாட்டில் ஒரு நற்பண்பின் பெயராக ஆண்டார்: மிகையான கோமாளித்தனத்திற்கும் சிரிப்பறியாக் கடுமைக்கும் இடைப்பட்ட இன்முகம் அது. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இவ்விரண்டையும் எதிரெதிரே வைத்து ஆய்ந்து, விளையாட்டில் ஒரு நற்பண்பு இருக்கக்கூடும் எனத் தீர்த்தார். உடல் உழைப்பால் களைப்பதுபோல் மனமும் களைக்கிறது. உடலுக்கு உறக்கம் எதுவோ, மனத்திற்கு விளையாட்டு அது என்பது அவர் வாதம். எப்பொழுதும் வளைத்தே வைக்கப்பட்ட வில் முறிந்துபோகும் என்று யோவான் அப்போஸ்தலன் ஒரு வேடனுக்கு உணர்த்தியதாக வழங்கும் பழங்கதையையும் அவர் அங்கே சுட்டுகிறார்.

பாம்ஃபோர்டும் கேட்டகரும்

சீர்திருத்தச் சபையினரிடையே இவ்வழக்கு வேறொரு திசையில் திரும்பிற்று. நம் மாணவர்கள் ஊன்றிக் கற்க வேண்டிய பகுதி இதுவே.

1593இல் ஜேம்ஸ் பாம்ஃபோர்டு என்னும் ஆங்கிலப் போதகர் சீட்டாட்டம் தகாதென ஓர் உரையாடல் நூலை வெளியிட்டார். பணம் இழப்பதும் காலம் வீணாவதும் அவர் முதன்மையாக எடுத்த காரணங்கள் அல்ல. சீட்டைக் குலுக்கி எடுப்பது ஒருவகைத் திருவுளச்சீட்டே. திருவுளச்சீட்டின் முடிவு கர்த்தரிடத்திலிருந்து வருவதென்று நீதிமொழிகள் 16:33 கூறுகிறது. மத்தியாவைத் தெரிந்துகொண்டபோது (அப்போஸ்தலர் 1:26) அப்போஸ்தலர் ஜெபத்தோடு செய்ததை நாம் சிரிப்பிற்கும் பொழுதுபோக்கிற்கும் செய்வது தேவநாமத்தை வீணிலே வழங்குவதாகும் என்றார். அவருடைய தாய்மொழியான ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் வெவ்வேறு சொற்கள் உண்டு. ஆதலின் அவர் இவ்வொப்புமையை வாதிட்டு நிறுவ வேண்டியிருந்தது. தமிழிலோ, யோனாவின் கப்பலில் போட்டதும் சீட்டு. சிலுவையடியில் அங்கிக்காகப் போட்டதும் சீட்டு. கலியாண வீட்டுத் திண்ணையில் ஆடுவதும் சீட்டு. பாம்ஃபோர்டு தமிழராயிருந்தால் பாதி நூலோடு முடித்திருப்பார்!

இதற்கு மறுமொழி கூறியவர், ஆட்டத்தை ஆதரித்த அரசவையாளர் எவரும் அல்லர். லண்டனையடுத்த ரோதர்ஹித் சபைப் போதகரும், பிற்காலத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் மாமன்றத்தில் அமர்ந்தவருமான தாமஸ் கேட்டகர் என்னும் பியூரிட்டன் அறிஞரே. 1619இல் அவர் வெளியிட்ட நூல் சீட்டுப் போடுதலின் இயல்பையும் பயனையும் ஆராய்கிறது. தேவனுடைய பராமரிப்பு எல்லாவற்றிலும் உண்டு. காற்று வீசுவதிலும் உண்டு, சீட்டு விழுவதிலும் உண்டு. ஆயின், எதிர்பாராது நிகழ்வது என்னும் ஒரே காரணத்தால் ஒரு நிகழ்ச்சி தேவனுடைய தனிப்பட்ட வெளிப்பாடாகிவிடாது என்றார் அவர். சொத்தைப் பங்கிடச் சீட்டுப் போடுவது ஆகும். பொழுதுபோக்கிற்காகச் சீட்டுக் குலுக்குவதும் தக்க வரம்புக்குள் ஆகும். தேவசித்தம் இன்னதென்று அறியச் சீட்டுப் போட்டு, அவர் வாக்களியாத இடத்தில் விடையை எதிர்பார்ப்பதே தகாது என்பது அவர் முடிவு. பாம்ஃபோர்டு எதனைப் புனிதம் எனக் காத்தாரோ அதனையே கேட்டகர் ஐயுற்றார். பாம்ஃபோர்டு எதனைப் பாவம் என்றாரோ அதனைக் கேட்டகர் அனுமதித்தார். சூதாட்டத்திற்கு வக்காலத்து வாங்குகிறார் என்று அவர்மேல் பழி எழுந்தமையால், 1623இல் தம் நூலுக்கு அரணாக மற்றொரு நூலும் எழுத வேண்டியதாயிற்று.

இடையே ஒரு சொல். ஆண்டு பிறக்கும் நள்ளிரவு ஆராதனை முடிந்ததும், பெட்டியிலிட்டுக் கலக்கிய வாக்குத்தத்த அட்டைகளுள் ஒன்றை ஒவ்வொருவரும் எடுத்துச்செல்வது நம் சபைகளில் பரவலான வழக்கம். நாமும் ஆண்டுதோறும் அப்பெட்டியை ஏந்தி நிற்கிறோம். கேட்டகர் நம் ஆலய வாயிலில் நின்றால், படிக்கட்டில் விளையாடும் சிறுவரை விட்டுவிட்டு, நம் கையிலுள்ள பெட்டியைக் குறித்தே முதலில் வினவுவார் என்று அஞ்சுகிறோம்.

கப்பலில் வந்த சீட்டு

இக்காலச் சிறுவர் கையிலுள்ள அட்டைகளின் மரபு நேரே ஐரோப்பாவிலிருந்து வந்ததன்று. ஜப்பான் வழியே வந்தது. போர்ச்சுக்கீசியர் 1543இல் ஜப்பானை அடைந்தனர். நம் முத்துக்குளித்துறையில் பரதவரிடையே ஊழியம் செய்த பிரான்சிஸ் சவேரியார் 1549இல் ககோஷிமா துறையில் இறங்கினார். அதே வணிகத் தொடர்பின் வழியாக, அதே நூற்றாண்டில் சீட்டுக்கட்டும் அங்கே இறங்கிற்று. சீட்டைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லாகிய 'கருத்தா' போர்ச்சுக்கீசியச் சொல்லே. 1614இல் கிறிஸ்தவ சமயம் நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. 1639இல் போர்ச்சுக்கீசியர் முற்றும் விலக்கப்பட்டனர். சிலுவை மறைவிடம் புகுந்தது. சீட்டோ வேடம் மாறிற்று. சூதுத் தடைகள் வரவர, சீட்டுச் செய்வோர் எண்களையும் அயல்நாட்டுச் சின்னங்களையும் விடுத்துப் புதிய படங்களை வரைந்தனர். இறுதியில் நிலைபெற்ற 'ஹனஃபுதா' என்னும் மலர்ச்சீட்டில் எண்ணே இல்லை; பன்னிரண்டு மாதங்களுக்குரிய மலர்களும் மரங்களும் மட்டுமே உண்டு, மாதத்திற்கு நான்காக. நான்கு பன்னிரண்டு நாற்பத்தெட்டு என்னும் போர்ச்சுக்கீசியக் கட்டின் கணக்கு, பன்னிரண்டு நான்கு நாற்பத்தெட்டாக உயிர்தப்பியது.

1889ஆம் ஆண்டு செப்டம்பரில் கியோத்தோ நகரில் ஃபுசஜிரோ யமவூச்சி என்பவர் இம்மலர்ச்சீட்டுகளைச் செய்து விற்க ஒரு கடை தொடங்கினார். அதுவே நிண்டெண்டோ நிறுவனம். வீடியோ விளையாட்டு என்றதும் உலகம் நினைக்கும் பெயர், தன் வாழ்நாளின் பெரும்பகுதியில் சீட்டுக்கட்டு நிறுவனத்தின் பெயராகவே இருந்தது. 1953இல் பிளாஸ்டிக்குச் சீட்டுகளைச் செய்தது. 1959இல் டிஸ்னி சித்திரங்களைப் பொறித்துச் சீட்டைச் சூதாடிகளின் கையிலிருந்து குடும்பங்களின் கூடத்திற்குக் கொணர்ந்தது. அங்கே இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பணியில் 1965இல் சேர்ந்த குன்பெய் யோக்கோய் என்பவர் ஓய்வு நேரத்தில் செய்த கைப்பொம்மை முதலாளியின் கண்ணில் பட, அவர் பொம்மை வகுப்பவரானார். 1980இல் கையடக்க மின்னணு விளையாட்டையும், 1989இல் 'கேம் பாய்' என்னும் கருவியையும் உலகுக்கு அளித்த குழுக்களுக்குத் தலைமை தாங்கியவர் அவரே.

கேம் பாய் கருவிகள் இரண்டை ஒரு கம்பியால் இணைக்கலாம். அக்கம்பியைக் கண்டு சத்தோஷி தஜிரி என்னும் இளைஞர், அதன் வழியே ஒரு பூச்சி ஊர்ந்து மறுகருவிக்குச் செல்வதைக் கற்பனை செய்தார் என்பர். தோக்கியோவின் புறநகரில் வண்டும் பூச்சியும் பிடித்து வளர்ந்தவர் அவர். அவர் வளர வளர அங்கிருந்த வயலும் குளமும் கட்டடங்களாயின. நகரத்துச் சிறுவர் இழந்துவிட்ட அவ்வின்பத்தை மீட்க அவர் அமைத்த 'போக்கிமான்' விளையாட்டு 1996 பிப்ரவரி 27 அன்று சிவப்பு, பச்சை என்னும் இரு வடிவங்களில் வெளிவந்தது. இரண்டிலும் சில உயிரினங்கள் இல்லாதவாறு வேண்டுமென்றே விடப்பட்டிருந்தன. ஆதலின் தனியே இருந்து விளையாடும் சிறுவன் தன் சேகரத்தை முடிக்க இயலாது. மற்றொரு சிறுவனைத் தேடிச்சென்று மாற்றிக்கொண்டாக வேண்டும். வீடியோ விளையாட்டு மனிதனைத் தனிமைப்படுத்துவது என்று பொதுவாகப் பிரசங்கிக்கும் நாம் (நாமும் அவ்வாறு பிரசங்கித்ததுண்டு) இதனை அறிந்திருக்க வேண்டும். அதே ஆண்டு அக்டோபரில் இவ்விளையாட்டு அட்டை வடிவம் பெற்றது; இவ்வாறு சீட்டு மறுபடியும் சீட்டாயிற்று.

அட்டை வடிவத்திற்கு முன்மாதிரி அமெரிக்காவில் இருந்தது. ரிச்சர்டு கார்ஃபீல்டு என்னும் கணித ஆசிரியர் அமைத்து 1993 ஆகஸ்டில் வெளிவந்த 'மேஜிக்' என்னும் விளையாட்டே பரிமாற்றச் சீட்டு விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்தது. பொதுவான ஒரே கட்டு என்பது அதில் இல்லை. ஒவ்வொருவரும் தாம் சேர்த்த அட்டைகளிலிருந்து தமக்கென ஒரு கட்டை அமைத்துக்கொண்டு வருவர். எதிரே அமர்ந்தவர் என்ன கொண்டுவந்துள்ளார் என்பது ஆடும்போதுதான் தெரியும். இவ்விளையாட்டை நேசிப்போர் ஆடும் நேரத்தைவிடக் கட்டமைக்கும் நேரமே மிகுதி. அது பிரசங்கக் குறிப்பெழுதுவது போன்றதொரு இன்பம் என நம் மாணவர் ஒருவர் கூறினார். அவர் பிரசங்கம் நன்றாகவே இருக்கும் என்பதால் நாம் மறுக்கவில்லை.

மீண்டும் தீ

பூதங்களும் மந்திரவாதிகளும் வரையப்பட்ட அட்டைகள் கிறிஸ்தவப் பெற்றோரைக் கலங்கச் செய்தது வியப்பன்று. 1999இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சிறுவர் ஊழியர் ஒருவர் பிள்ளைகளின் முன்னிலையில் போக்கிமான் அட்டைகளைத் தீயிட்டுக் கொளுத்தினார். அடுத்த ஆண்டிலேயே இத்தாலிய ஆயர் பேரவையைச் சார்ந்த தொலைக்காட்சி நிலையம், இவ்விளையாட்டு கற்பனைவளம் நிறைந்தது, நட்பை அடிப்படையாகக் கொண்டது, கேடற்றது என்று கருத்துரைத்தது. 2001இல் சவூதி அரேபியா சூதாட்டத்தைத் தூண்டுவதாகக் கூறி அதனைத் தடைசெய்தது. 1377இல் போலவே தடையும் தியானமும் மீண்டும் ஒருசேர நின்றன.

இவ்விடத்தில் நம் சொந்தக் குற்றம் ஒன்றை மறைத்தல் முறையன்று. போக்கிமான் சித்திரப்படம் நம் நாட்டுத் தொலைக்காட்சியில் வரத் தொடங்கியிருந்த ஆண்டுகளில் நாம் ஒரு கிராமச் சபையில் ஊழியம் செய்தோம். விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஒரு சிறுவன் பாட்டு வேளையில் அட்டைகளைக் கையில் வைத்திருந்தான். சாத்தானின் படம் என்று கூறி, உள்ளே பாராமலே பறித்து, உடைமாற்றும் அறையின் அலமாரியில் போட்டோம். அவன் மறுநாள் வரவில்லை. மூன்றாண்டுகள் கழித்து மாற்றல் பெற்று அலமாரியைக் காலிசெய்தபோது அவ்வட்டைகள் கிடைத்தன. அவை கடையில் வாங்கியவை அல்ல. பழைய கலியாணப் பத்திரிகைகளைச் சமமாக நறுக்கி, பின்புறத்தில் வண்ணப் பேனாவால் அவனே வரைந்திருந்தான். பொன்வண்டு, மரவட்டை, தேள், ஓணான் என ஊரில் கண்ட உயிர்களெல்லாம் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் அதன் வலிமைக்கு ஓர் எண். பொன்வண்டுக்கே மிகுதியான எண் கொடுத்திருந்தான். அவன் குடும்பம் அதற்குள் செங்கற்சூளை வேலைக்கு வேறு மாவட்டம் சென்றுவிட்டது. அவ்வட்டைகள் இன்னும் நம்மிடமே இருக்கின்றன.

எருசலேமின் மீட்பைச் சகரியா வருணிக்கும்போது (8:4, 5) கோலூன்றிய முதியோரையும், வீதிகளில் விளையாடும் பிள்ளைகளையும் ஒருங்கே காட்டுகிறார். அத்தரிசனத்தில் அவர்களைத் துரத்துவோர் எவரும் இல்லை.

பந்தயம்

இவ்வளவு கூறியபின் மறுபுறத்தையும் கூறவேண்டும். தீ மூட்டியவர்கள் எல்லாவற்றிலும் பிழைபட்டவர் அல்லர். பெர்னார்தீனோ கண்டது சீட்டின் படத்தை மட்டுமன்று; சூதில் அழிந்த வீடுகளையும் கண்டார்.

மேஜிக் விளையாட்டின் முதல் விதிகளில், ஆட்டத்தின் தொடக்கத்தில் இருவரும் தத்தம் கட்டிலிருந்து ஓர் அட்டையைப் பணயமாக வைக்க, வென்றவர் இரண்டையும் கொள்வர் என்னும் ஏற்பாடு இருந்தது. ஆடுவோரே அதனை விரும்பவில்லை. சில ஆண்டுகளுக்குள் அது வழக்கொழிந்தது. போதகர் எவரும் கண்டித்து நிகழ்ந்ததன்று இது. பணயம் ஆட்டத்தின் இன்பத்தைக் கெடுக்கிறது என்று பொழுதுபோக்காளரே உணர்ந்தனர் என்பது நமக்கு ஒரு பாடம்.

ஆயின் பணயம் வேறு வாயில் வழியே நுழைந்தது. இவ்வட்டைகள் மூடிய உறைகளில் விற்கப்படுகின்றன. உள்ளே எது இருக்கும் என்று வாங்குவோர் அறியார். அரிய அட்டை ஒன்று ஏதோ ஓர் உறையில் இருக்கும். இது சட்டவிரோதமான சூதே என்று அமெரிக்காவில் வாங்கியோர் சிலர் வழக்கிட்டனர். 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வாங்கியோர் தாம் பேரம்பேசியதையே பெற்றனர், ஆகையால் வழக்கிடத்தக்க இழப்பு அவர்களுக்கு இல்லை என்று தள்ளிற்று. நீதிமன்றத்தின் கேள்வி இழப்பைக் குறித்தது; ஆசையைக் குறித்து அது கேட்கவில்லை, கேட்கவும் கடமைப்பட்டதன்று. வீடியோ விளையாட்டுகளுக்குள் பணம் கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டிகள் இவ்வுறையின் வழித்தோன்றல்களே. 2018இல் பெல்ஜியம் நாட்டுச் சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணையம் அவற்றுள் சிலவற்றைச் சூதென்றே தீர்த்தது. நம் நாட்டில், திறமையோ தற்செயலோ எதுவாயினும் பணம் கட்டி ஆடும் இணையவழி ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிற்று. பணமில்லா விளையாட்டை அது குற்றமாக்கவில்லை. அதற்கு முன்னரே, 2022இல், ரம்மியால் குடும்பங்கள் அழிவதைக் கண்டு தமிழகச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தில், ரம்மியையும் போக்கரையும் தற்செயல் ஆட்டமெனக் குறித்த பகுதியை 2023 நவம்பரில் உயர்நீதிமன்றம் நீக்கியிருந்தது. திறமையா தற்செயலா என்னும் வழக்கை நீதியரசர் நுணுகி ஆய்ந்தனர். ரம்மியில் தாலியை அடகு வைத்தவன் வீட்டிற்குச் செல்லும் போதகருக்கு அந்நுணுக்கம் பெரிதும் உதவாது.

காலத்தைக் குறித்தும் ஒன்று. 2019இல் உலகச் சுகாதாரப் பேரவை ஏற்று 2022இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைநிலை ஒரு கோளாறாக இடம்பெற்றுள்ளது. அதன் இலக்கணத்தில் மணிக்கணக்கு இல்லை. தன் கட்டுப்பாட்டை இழத்தல், பிற கடமைகளுக்கும் ஆர்வங்களுக்கும் மேலாக விளையாட்டை வைத்தல், கேடு விளைந்த பின்னும் தொடர்தல் ஆகிய மூன்றும், பொதுவாக ஓராண்டளவு நீடித்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் விளையாடினான் என்று நம்மிடம் பிள்ளையை இழுத்து வரும் தாய்மாரிடம் நாம் இம்மூன்றையும் கேட்பது வழக்கமாகிவிட்டது.

சென்ற பருவத்தில் ஒரு மாணவர், தம் களப்பணிச் சபையில் சனிக்கிழமை மாலைகளில் அட்டை விளையாடும் வாலிபர்களை நிறுத்தலாமா என்று நமக்கு எழுதிக் கேட்டிருந்தார். முதலில் உட்கார்ந்து ஓர் ஆட்டம் கற்றுக்கொள்ளும்படி மறுமொழி அனுப்பினோம். தாம் மூன்று முறை தோற்றதாகவும், நாலாம் முறையும் தோற்கும் நிலையில் இருப்பதாகவும் அவர் எழுதினார். பணயம் எதுவும் அங்கே இல்லையாம். ஆனால் ஒரு பையன் மட்டும், தீப்பெட்டி ஆலையில் வேலைசெய்யும் தாயின் அரைமாதக் கூலிக்கு ஈடாக உறைகள் வாங்கியிருப்பதாகவும், அதனை மற்றச் சிறுவரே தம்மிடம் தனியே வந்து சொன்னதாகவும் குறித்திருந்தார். அடுத்த வாரம் அவ்வீட்டைச் சந்திக்கச் செல்கிறார்.